முழங்கை முறிந்த ஆறு வயதுப் பிள்ளை: கம்பி எடுக்கும் நாளுக்கு முன் சில கேள்விகள்

லிந்துலை மாமன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவின் மகளுக்கு ஆறு வயது. பாடசாலை விட்டு வந்தவள் லயத்துக்கு (தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் நிற்கும் கொய்யா மரத்தில் ஏறியிருக்கிறாள். கிளை முறிய, கையை ஊன்றியபடி விழுந்ததில் இடது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிட்டது. அக்கா அப்போது மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். அத்தான் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். ஆகவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்ட மருந்தகத்துக்குப் போனது நான்தான். அங்கிருந்த மருத்துவ உதவியாளர் கையை நீட்டவோ மடக்கவோ முயலாமல், கிடந்த நிலையிலேயே மட்டையை வைத்துக் கட்டி, குடிக்கவோ சாப்பிடவோ எதுவும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி, 1990 சுவசெரிய அம்பியுலன்ஸை அழைத்தார். மறுநாள் காலையில் பெரிய வைத்தியசாலையில் மயக்க மருந்து கொடுத்து, தோலைக் கிழிக்காமலே எலும்பை நேராக்கி, இரண்டு கம்பிகளைச் செலுத்தி, பிளாஸ்டர் போட்டார்கள்.

இப்போது வார்டிலிருந்து துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) வீட்டுக்கு வந்திருக்கிறோம். கம்பி எடுக்கும் கிளினிக் நாள் நெருங்குகிறது. மயக்க மருந்து இல்லாமலே எடுப்பார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து பிள்ளை ‘கிளினிக்’ என்ற சொல்லைக் கேட்டாலே அழத் தொடங்குகிறாள். கம்பிகளின் நுனி தோலுக்கு வெளியே வளைந்து நிற்பதை, எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த என் தாயாருக்கும் அன்றிலிருந்து தூக்கமில்லை. கம்பியை எடுத்த கையோடு பிள்ளையைப் பக்கத்துத் தோட்டத்து முறிவு வைத்தியரிடம் கொண்டுபோய், எண்ணெய் தேய்த்து நீவி, கையை நீட்டிவிட வேண்டும் என்பது அவருடைய முடிவு. அக்கா இரண்டு பக்கமும் பேச முடியாமல் நிற்கிறார். விரல்கள் இலேசாக வீங்கியிருப்பதைக் கண்டு ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். வார்டில் டொக்டர் சிங்களத்தில் விளக்கியதில் அக்காவுக்குப் பாதிதான் விளங்கியது. இதே நிலையைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

பதுளை, ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

தம்பி, முதலில் விரல்களைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் மற்றவை காத்திருக்கலாம், இது காத்திருக்காது. கைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெரிய நாடி முழங்கையின் முன்புறமாகத்தான் இறங்குகிறது. எலும்பு முறிந்து விலகும் இடமும் அதை ஒட்டியே இருக்கிறது. அதனால்தான் இந்த முறிவை நாங்கள் இரவென்றும் பகலென்றும் பார்க்காமல் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவோம். பிளாஸ்டருக்கு வெளியே தெரியும் விரல் நகத்தை அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த நிறம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவந்துவிட வேண்டும். விரல்கள் சூடாக இருக்க வேண்டும், நமது குளிரில் மற்றக் கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். கையைத் தலையணையில் நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்துச் சற்று நேரத்தில் வீக்கம் இறங்கினால் அது சாதாரண வீக்கமே.

நரம்பைப் பார்ப்பதற்கு வார்டில் நாங்கள் பிள்ளைகளோடு கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாடுவோம். கைமுட்டி பிடித்தால் ஒரு நரம்பு, விரல்களை விரித்து நீட்டினால் இன்னொன்று, கத்தரிக்கோலைக் காட்டினால் மற்றொன்று வேலை செய்கிறது என்று பொருள். பெருவிரல் நுனியையும் சுட்டுவிரல் நுனியையும் சேர்த்து வட்டம் பிடிக்கச் சொல்லுங்கள். வட்டம் தட்டையாகிப்போனால், முழங்கைக்கு மேலே எலும்பு முறியும்போது அதிகமாகப் பாதிக்கப்படும் நரம்பின் கிளை இன்னும் சோர்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது மாதக்கணக்கில் தானாகவே திரும்பிவிடும். எனினும் கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் கூடிக்கொண்டு போகிறது, மருந்து கொடுத்தும் பிள்ளை ஓரிடத்தில் இருக்கமாட்டாமல் துடிக்கிறாள், விரலை இலேசாக நிமிர்த்தினாலே கத்துகிறாள் என்றால் கிளினிக் திகதிக்காகவோ விடியும்வரையோ காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள். பிளாஸ்டருக்குள் தசை இறுகி இரத்தம் தடைப்படும் நிலை அது. சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். கை நிரந்தரமாக மடங்கிப் போகும் இந்தக் கேட்டை 1881 இல் ரிச்சர்ட் வொல்க்மன் என்ற ஜெர்மனிய சத்திரசிகிச்சை நிபுணர் எழுதிவைத்தார். இறுக்கமான கட்டே அதற்குக் காரணம் என்று அவர் அன்றே சொன்னார்.

கம்பி எடுப்பதைப் பற்றி. ஆம், பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமல் கிளினிக்கிலேயே எடுப்பார்கள். நுனியை வெளியே விட்டிருப்பதே அதற்காகத்தான். குறட்டால் பிடித்து இழுத்தால் வந்துவிடும், ஒவ்வொன்றுக்கும் சில விநாடிகள் போதும். வீட்டைவிட்டுப் புறப்படுமுன் வழக்கமான பனடோல் பாணியை (சிரப்பை) அவளுடைய நிறைக்குரிய அளவில் கொடுக்கலாம். உண்மையில் பிள்ளைகளை அதிகம் பயமுறுத்துவது கம்பி அல்ல, பிளாஸ்டர் வெட்டும் இயந்திரத்தின் சத்தம். அதன் தகடு சுழல்வதில்லை, அதிர்கிறது. கெட்டியான பிளாஸ்டரை வெட்டும், மென்மையான தோலை எளிதில் வெட்டாது. இதை முன்னதாகவே அவளிடம் சொல்லிவிடுங்கள். வலிக்கவே வலிக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த முறை தாயையே நம்பமாட்டாள்.

பூண்டுலோயா வாசகர் எழுதியது:

மேலே எழுதிய அம்மாவின் அனுபவத்துக்கு நான் மதிப்பளிக்கிறேன். ஆனாலும் முறிவு வைத்தியர் என்றதும் எல்லோரும் ஒரேயடியாக ஒதுக்கிவிடுவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்று, தலைமுறை தலைமுறையாக இதையே செய்து வருபவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். எங்கள் லயத்தில் கை முறிந்த பிள்ளைகள் பலரை ஒரு வைத்தியர்தான் பத்துப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிக் குணமாக்கினார். அவர்களெல்லாம் இன்று கொழுந்துக் கூடை சுமக்கிறார்கள், மரம் வெட்டுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் தம்பி மகனைக் கொண்டுபோன ஒரு வைத்தியசாலையில், காலையிலிருந்து மாலைவரை வாங்கில் உட்கார்ந்திருந்தோம். என்ன நடக்கிறது என்று எங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. முறிவு வைத்தியரோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டே, எந்த எலும்பு எப்படி இருக்கிறது, எப்போது கட்டை அவிழ்ப்பேன் என்று பாட்டிக்கும் விளங்கும்படி சொல்கிறார். மனிதர்கள் எங்கே போவார்கள்? லிந்துலைத் தம்பியின் தாயார் கேட்பதில் என்ன பிழை?

கண்டியிலிருந்து ஒரு இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) எழுதியது:

பூண்டுலோயா நண்பர் சொன்ன இரண்டாவது விடயத்தில் எனக்கு மறுப்பே இல்லை. முதலாவதைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவருடைய லயத்துப் பிள்ளைகளுக்கு முறிந்தது எந்த எலும்பு, எந்த இடத்தில் என்று கேட்டால், பெரும்பாலும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே என்றுதான் பதில் வரும் என்று நினைக்கிறேன். விழும் பிள்ளை கையை ஊன்றும்போது மிக அதிகமாக முறியும் இடம் அது.

பிள்ளையின் எலும்பு அதன் இரு முனைகளிலுமுள்ள வளர்தட்டுகளிலிருந்து நீளுகிறது. ஆனால் இரு முனைகளும் ஒரே அளவில் வளர்வதில்லை. முன்கை எலும்பின் வளர்ச்சியில் ஏறக்குறைய நூற்றுக்கு 80 பங்கு மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து வருகிறது. மேற்கை எலும்பிலோ அதே 80 பங்கு தோள் பக்கத்திலிருந்து வருகிறது, முழங்கைப் பக்கத்தின் பங்கு ஏறக்குறைய 20 மட்டுமே. ஆறு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு எலும்பு சற்றுக் கோணலாகப் பொருந்தினாலும், வளர வளர இயற்கையே அதை நிமிர்த்திவிடும். யார் கட்டினாலும், சில வேளைகளில் ஒழுங்காகக் கட்டாவிட்டாலும், நன்றாகவே முடியும். வைத்தியரின் பெயர் நிலைத்திருப்பது இந்த முறிவுகளால்தான். முழங்கைக்கு மேலே கோணலாகப் பொருந்திய எலும்பை இயற்கை அப்படி நிமிர்த்தித் தராது. கை உட்பக்கமாக வளைந்து, துப்பாக்கியின் கட்டைப் பகுதியைப் போன்ற தோற்றத்தோடு வாழ்நாள் முழுவதும் நிற்கும். திருத்துவதற்கு எலும்பை மறுபடியும் வெட்ட வேண்டிவரும்.

அந்த இடம் மெலிந்தது என்பதும் ஒரு காரணம். முழங்கை மடங்கும்போதும் நிமிரும்போதும் முன்கை எலும்பு வந்து அமர்வதற்காக முன்னும் பின்னும் இரண்டு குழிகள் இருக்கின்றன. அவற்றுக்கிடையே எஞ்சியிருப்பது மிக மெல்லிய எலும்பு. ஐந்து முதல் ஏழு வயதுவரையுள்ள பிள்ளைகளில் இந்த முறிவு அதிகமாகக் காணப்படுகிறது. அந்த வயதில் மூட்டுகள் இலகுவாகப் பின்னோக்கி வளையும். கை ஊன்றப்படும்போது முழங்கை எதிர்ப்பக்கமாக மடிந்து, மெல்லிய பகுதி அப்படியே முறிகிறது. இரண்டு துண்டுகளும் முழுமையாக விலகிவிட்டால் வெறும் பிளாஸ்டரால் அதை நிறுத்திவைக்க முடியாது. நேராக்கிய எலும்பு மீண்டும் நழுவாமலிருக்கத்தான் கம்பி. உங்கள் மருமகளுக்குச் செய்தது சரியான சிகிச்சை, தம்பி.

இனி எண்ணெய் தேய்ப்பது. கம்பி எடுத்த அன்று கை மடங்கிய நிலையிலேயே விறைத்திருக்கும், நீட்ட முடியாது. அதைப் பார்த்துத்தான் எல்லாப் பாட்டிமாரும் பயப்படுகிறார்கள். பிடித்து இழுத்தாலும், அழுத்தி நீவினாலும் முழங்கை மேலும் வீங்கி மேலும் விறைக்கும். காயம்பட்ட தசைக்குள்ளேயே புதிதாக எலும்பு படிந்துவிடும் ஆபத்தும் உண்டு. மற்ற மூட்டுகளை விட முழங்கை இதற்குப் பேர்போனது. பெரும்பாலான சிறு பிள்ளைகளுக்கு எங்களைப் போன்றவர்களின் பயிற்சிகூடத் தேவைப்படுவதில்லை. அவளை விளையாட விடுங்கள். சட்டை போடவும், தலை வாரவும், மேசையில் இருக்கும் பிஸ்கட்டை எடுக்கவும் அந்தக் கை தானாகவே நீளும். பெரும்பகுதி அசைவு சில வாரங்களிலும், மிச்சம் மாதக்கணக்கிலும் திரும்பும். தாயாருக்குக் கை சும்மா இருக்காது என்றால், தோள்பட்டைக்கும் விரல்களுக்கும் எண்ணெய் பூசட்டும். முழங்கையைத் தொட வேண்டாம்.

மஸ்கெலியாத் தாய் எழுதியது:

என் மகனுக்கும் இதே இடத்தில்தான் முறிந்தது. அவன் இப்போது பந்து எறிகிறான், ஆகவே லிந்துலை அக்கா தைரியமாக இருக்கலாம். வைத்தியம் தெரிந்தவர்கள் எழுதிவிட்டார்கள். வீட்டில் நடப்பதை நான் எழுதுகிறேன்.

முதற்பிரச்சினை சட்டை. பிளாஸ்டர் போட்டு மடக்கிய கை எந்த ஸ்வெட்டருக்குள்ளும் நுழையாது, நம் ஊர்க் குளிரோ யாரையும் விடாது. அண்ணனின் பழைய ஸ்வெட்டர் ஒன்றைக் கழுத்திலிருந்து கைநுனிவரை தையலோடு பிரித்து, ஊக்குக் குத்திப் போட்டுவிட்டேன். உள்ளே கை, வெளியே ஊக்கு. குளிக்க வார்ப்பதை நிறுத்திவிட்டு வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தேன். ஷொப்பிங் பையைச் சுற்றிக் கட்டினால் நனையாது என்று நினைக்க வேண்டாம், உள்ளே வியர்த்து ஈரமாகிறது. லயத்துப் படிக்கட்டில் பாசி பிடித்திருக்கும், ஒற்றைக் கையோடு பிள்ளைக்குச் சமநிலை கிடையாது. அவனை வாசலுக்கு வெளியே விட எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

பார்க்க வருகிறவர்கள் பெரும் சோதனை. வந்தவர்கள் எல்லோரும் பிளாஸ்டரை விரலால் தட்டிச் சத்தம் பார்க்கிறார்கள். முட்டை கொடுக்காதே, மீன் கொடுக்காதே, சீழ் பிடிக்கும் என்கிறார்கள். வார்டில் டொக்டரிடம் கேட்டபோது முட்டை, பால், நெத்தலி, கீரை எல்லாம் கொடுங்கள், எதையும் நிறுத்த வேண்டாம் என்று சொன்னார். அதற்குப் பிறகு வந்தவர்களிடம் நான் டொக்டர் பெயரைச் சொல்லியே வாயை அடைத்தேன்.

இரவில் வீறிட்டு எழுவான். தியேட்டர் வாசலில் என் கையிலிருந்து அவனை வாங்கிக்கொண்டு போன நேரத்தைத்தான் கனவில் காண்கிறான் என்று பிறகு புரிந்தது. பழக்கமே இல்லாத பிள்ளை படுக்கையை நனைத்தான். அதட்டவில்லை, பாய்க்கு மேல் ரப்பர் துணி விரித்தேன், சில வாரங்களில் நின்றுவிட்டது. பெரியவனுக்கோ தம்பிக்கு மட்டும் பிஸ்கட் கிடைக்கிறது என்ற கோபம். தனக்கும் கை வலிக்கிறது என்று ஒருநாள் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சம்பளக் கணக்கை யாரும் பேசுவதில்லை. நான் வார்டில் நின்ற நாட்களுக்குப் பேர், அதாவது நாட்சம்பளம், இல்லை. திரும்பி வந்த பிறகும், சின்னவளைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுவிட்டு மலைக்குப் போய், நேரத்தோடு ஓடி வந்த நாட்களுக்கு அரைப்பேர்தான் விழுந்தது. சிகிச்சை இலவசம் என்பது உண்மை. ஆனால் பஸ், ஓட்டோ, வார்டில் சாப்பாடு, இல்லாத சம்பளம் எல்லாம் சேர்ந்தால் ஒரு குடும்பம் கடன்படப் போதும். ஆகவே மாமன்காரர் செய்ய வேண்டிய பெரிய உதவி, கிளினிக் நாளில் அக்காவுக்குப் பதிலாக ஒருவர் போக முடியுமா என்று பார்ப்பதல்ல, தாய் பிள்ளையோடு போயே ஆக வேண்டும். அவர் இல்லாத நாளில் வீட்டில் அடுப்பெரிய ஒருவரை ஏற்பாடு செய்வதுதான்.

பூண்டுலோயா வாசகர் எழுதியது:

இயன்மருத்துவர் கேட்டது சரிதான். எங்கள் லயத்தில் விசாரித்துப் பார்த்தேன். எல்லாம் மணிக்கட்டுதான், ஒரு பிள்ளைக்கு மட்டும் காறை எலும்பு. முழங்கை ஒன்றுகூட இல்லை. அப்படி வந்தால் தான் தொடமாட்டேன், அனுப்பிவிடுவேன் என்று வைத்தியரே சொல்கிறார். ஆகவே லிந்துலைத் தாயார் அவரிடம் போனாலும் நல்ல வைத்தியர் என்றால் திருப்பி அனுப்புவார். வைத்தியசாலையில் நம் மொழியில் பேச ஆளில்லை என்று நான் சொன்னதை மட்டும் இன்னும் யாரும் எடுத்துப் பேசவில்லை.

தலவாக்கலை ஆசிரியர் எழுதியது:

பாடசாலைப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முறிந்தது இடது கை, எழுதுவது வலது கை என்றால், வலி அடங்கிய பிறகு பிள்ளையை வகுப்புக்கு அனுப்பலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். வீட்டில் தனியே அடைந்து கிடப்பதை விட அது நல்லது. வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொன்னால், வாங்கின் இடது ஓரத்தில், யாரும் இடிக்காத பக்கமாக உட்காரவைப்பார். இடைவேளையில் வகுப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகள் பிளாஸ்டரில் பெயர் எழுதுவார்கள், எழுதட்டும். ‘சுரக்‌ஷா’ மாணவர் காப்புறுதியின் கீழ் வைத்தியசாலையில் தங்கியதற்கு ஏதும் பெற முடியுமா என்று அதிபரிடம் விசாரியுங்கள். வைத்தியசாலையில் கொடுத்த டயக்னோசிஸ் கார்டின் பிரதியை இப்போதே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

லிந்துலை மாமன் எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. இழை முழுவதையும் என் தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். வொல்க்மனையும் வளர்தட்டையும் அவர் பொருட்படுத்தவில்லை. முறிவு வைத்தியரே முழங்கையைத் தொடமாட்டார் என்ற இடத்தில் மட்டும் மறுபடியும் வாசிக்கச் சொன்னார். தோளுக்கு எண்ணெய் பூசலாம் என்று அனுமதி கிடைத்ததில் அவருக்கு ஓரளவு திருப்தி. மருமகள் கல், காகிதம், கத்தரிக்கோல் மூன்றையும் காட்டுகிறாள், வட்டமும் வட்டமாகவே வருகிறது. வீக்கம் இரவில் கையை உயர்த்தி வைத்ததில் இறங்கியிருக்கிறது. அத்தான் கொழும்பிலிருந்து தொலைபேசியில், கடன் வாங்கியாவது தனியார் வைத்தியசாலையில் கம்பியை எடுக்கலாம் என்கிறார். அது தேவையா? பூண்டுலோயா அண்ணன் கேட்ட மொழிப் பிரச்சினைக்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

பதுளை, ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

கம்பியைப் போட்ட இடத்திலேயே எடுப்பதுதான் நல்லது, தம்பி. சிகிச்சைக் குறிப்புகள் அங்கேதான் இருக்கின்றன, சத்திரசிகிச்சை செய்த குழுவும் அங்கேதான். அந்தப் பணத்தை அத்தான் தன் பஸ் பயணத்துக்குச் செலவழித்து, கிளினிக் நாளில் வந்து நிற்கட்டும்.

மொழியைப் பற்றிப் பூண்டுலோயாத் தம்பி சொன்னது உண்மை, நான் வேலை செய்த காலத்திலேயே அதைக் கண்டிருக்கிறேன். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. ஆகவே தமிழில் சொல்லும்படி கேட்பது தயவு கேட்பதல்ல. நடைமுறையில், வார்டிலும் கிளினிக்கிலும் தமிழ் தெரிந்த ஒரு தாதியோ, சிற்றூழியரோ அநேகமாக இருப்பார்கள். டொக்டர் பேசத் தொடங்குமுன்னரே, ‘தமிழ் தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிடுங்கள்’ என்று பொறுப்புத் தாதியிடம் சொல்லிவிடுங்கள். பேசி முடித்த பிறகு கேட்டால் அவசரத்தில் பாதிதான் வரும். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னால், அதில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டும்வரை பேனாவைத் தொட வேண்டாம். அக்கா கேட்க வேண்டிய கேள்விகளை நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எலும்பு பொருந்திவிட்டதா, மறுபடியும் பிளாஸ்டர் உண்டா, எப்போது ஓடி விளையாடலாம், அடுத்த எக்ஸ்ரே எப்போது.

அதுவரை காய்ச்சல் வந்தாலோ, பிளாஸ்டருக்குள்ளிருந்து நாற்றமோ நீரோ வந்தாலோ கிளினிக் நாளைப் பார்க்காமல் புறப்பட்டு வாருங்கள். கம்பி நுழைந்த இடத்தில் கிருமி தொற்றுவது சில பிள்ளைகளுக்கு நடப்பதுண்டு, நேரத்தோடு பார்த்தால் மாத்திரையோடு அடங்கும். கம்பி எடுத்த பிறகு தோல் காய்ந்து செதில் செதிலாக உரியும், கை மெலிந்திருக்கும், முழங்கை மடங்கியே நிற்கும். மூன்றையும் பார்த்துத் தாயார் பதறாமலிருக்க இப்போதே சொல்லி வையுங்கள். கொய்யா மரத்துக்கும் சைக்கிளுக்கும் டொக்டர் சம்மதிக்கும்வரை விடுமுறை. புதிதாகப் பொருந்திய எலும்பு மறுபடி முறிவது அந்த இடைக்காலத்தில்தான்.

கிளினிக் நாளில் கிளினிக் கொப்பியையும் முதல் எக்ஸ்ரே படத்தையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். வெறும் வயிற்றில் வரும்படி கார்டில் எழுதியிருந்தாலொழிய, பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம். காலையில் வயிறாரச் சாப்பிடக் கொடுத்தே கூட்டி வாருங்கள். பசித்த பிள்ளையை வரிசையில் வைத்துக்கொண்டு எந்தத் தாதியாலும் எதையும் விளங்கப்படுத்த முடியாது.